எனக்காக ஊதாத சங்கு

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 24. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில், ஸ்டோர்ஸ் பிரிவில் 4 வருடம் 3 மாதமாக வேலை பார்க்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனையிலேயே கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளும். கேன்டீனில் சாப்பாடு. ஐந்தரைக்கு மேல் யாரும் உட்கார வைப்பதில்லை. கையில் 17,800 ரூபாய் வருகிறது. தொலைதூரக் கல்வியில் பி.காம். கடைசி வருடம். காஸ்ட் அக்கவுண்டிங் இரண்டு தடவை போய்விட்டது. அதையும் சேர்த்து 6 பேப்பர், 5 மாதம்தான் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து படித்தால் அந்தப் பேப்பர் மேல் இருக்கும் பயம் போய்விடும், அப்படியே குரூப் 2 கோச்சிங்கிலும் சேரலாம் என்று நினைக்கிறேன். அப்பா இல்லை. அம்மா, ‘கிடைத்த வேலையை யாராவது விடுவார்களா’ என்கிறார். ராஜினாமாக் கடிதம் டைப் செய்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: என் மகளைவிடச் சின்னவள், நீ என்றே எழுதுகிறேன்.

1986-ல் நானும் இப்படி ஒரு கடிதம் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் கொடுத்தும் விட்டேன். புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் வேலை. அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு எட்டு மாதம் இருந்தது. முதல் வாரம் தினமும் ஒன்பது மணிக்கு ரோமன் ரோலண்ட் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் அண்ணி, “நீ சும்மாதானே இருக்கே” என்று ரேஷன் கார்டைக் கையில் கொடுத்தார். அப்புறம் மண்ணெண்ணெய் வரிசை, அண்ணன் பையனைப் பள்ளியில் விடுவது, ஊரிலிருந்து வந்த அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது. மில் சங்கு ஊதும்போதெல்லாம் இன்னும் புத்தகத்தைத் திறக்கவில்லையே என்று வயிறு கலங்கும். வேலையில் இருந்தபோது டிபன் நேரத்தில் படித்த அளவுகூட வீட்டில் படிக்கவில்லை. தேர்வுக் கட்டணத்துக்கு அண்ணனிடம் கை நீட்டினேன். ஒரு பேப்பரும் போனது. அதை மறு வருடம் எழுதித் தேறினேன் என்பது வேறு கதை.

அங்கே இன்னொன்றும் நடந்தது. நான் விட்டபோது 4 வருடம் 7 மாதம். கணக்கு முடிக்கும் நாளில்தான் அங்கிருந்த குமாஸ்தா, “அஞ்சு மாசம் பொறுத்திருந்தா கிராஜுவிட்டி வந்திருக்குமேம்மா” என்றார். பணிக்கொடையைச் சொன்னார். ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

உன் கணக்கைப் பார். பொதுவாக, தொடர்ந்து 5 வருடம் முடித்தவருக்குத்தான் கிராஜுவிட்டி. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்தால் ஒரு வருடத்துக்கான தொகை. உனக்கு அது 13,000 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 7,500, ஐந்து வருடத்துக்கு 37,500 ரூபாய். இன்னும் 9 மாதம்தான். பி.எஃப். பணத்தையும் 5 வருடத்துக்கு முன் எடுத்தால் அது பொதுவாக வருமான வரிக் கணக்கில் சேரும். அம்மாவுக்கு இ.எஸ்.ஐ.யில் மாத்திரை வாங்குகிறாயா? நீ எழுதவில்லை. வாங்கினால், வேலையை விட்ட சில மாதங்களில் அதுவும் நின்றுவிடும்.

சரி, பணத்தை விடு. உன் கடிதத்தில் அதைவிட என்னை உறுத்தியது காஸ்ட் அக்கவுண்டிங். நீ ஸ்டோர்சில் இருக்கிறாய், பெண்ணே! சரக்கு வந்தால் ஜி.ஆர்.என். என்கிற வரவுச் சீட்டுப் போடுகிறாய். பின் கார்டில், அதாவது இருப்பு அட்டையில், ஏற்றுகிறாய். சரக்குக் கேட்டு இண்டென்ட் வந்தால் எடுத்துக்கொடுத்துக் கழிக்கிறாய். ‘பழைய சரக்கை முதலில் எடு’ என்று சூப்பர்வைசர் கத்துகிறாரே, அதுதான் உன் புத்தகத்தில் ஃபிஃபோ. ஒரு கேஸ்கட் நாளுக்கு அதிகபட்சம் 40 போகிறது, சப்ளையர் அதிகபட்சம் 10 நாள் இழுத்தடிப்பார் என்றால், கையிருப்பு 400-க்கு வந்ததும் மறுபடி ஆர்டர் போட வேண்டும். அதுதான் ரீ-ஆர்டர் லெவல். அந்தப் பாடத்தின் முதல் பகுதியில் நீ சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அதைப் படிக்க அங்கிருந்து எழுந்து வருகிறேன் என்கிறாய். உங்கள் அக்கவுண்ட்சில் காஸ்டிங் பார்ப்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவரிடம் போய், ‘சார், ஒரு காஸ்ட் ஷீட் எப்படிப் போடுவது என்று காட்டுங்கள்’ என்று கேள். மூலப்பொருள், கூலி, ஓவர்ஹெட் என்கிற மறைமுகச் செலவு என்று அவர் ஒருமுறை போட்டுக் காட்டினால் போதும். இரண்டு தடவை போனதன் காரணம் நேரமில்லாதது என்று எனக்குத் தோன்றவில்லை. பயத்தில் அந்தப் புத்தகத்தையே நீ கடைசியாக எடுத்திருப்பாய். தப்பாக இருந்தால் திட்டி எழுது.

கோச்சிங்கைப் பற்றி ஒரு வரி: குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும். முதலில் அதைக் கையில் வாங்கு. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும், அதை இப்போதே எழுதலாம்.

ரெகுலர் கல்லூரியில் சேர்ந்து 75 சதவீத வருகை வேண்டும் என்றிருந்தால், வேலையை விடு என்றுதான் சொல்லியிருப்பேன். வேலையில் உன்னை யாராவது அவமானப்படுத்தினால் அப்போதும் அப்படித்தான். உனக்கு இரண்டும் இல்லை. சேர்த்து வைத்த லீவு எவ்வளவு என்று எச்.ஆரில் கேள். தேர்வுக்கு முன் மூன்று வாரம் வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கொடு. லீவு போதாவிட்டால் மீதி நாளைச் சம்பளம் இல்லாத லீவாகக் கேள். அந்த மூன்று வாரமும் வீட்டில் நீ ‘சும்மா’ இல்லை என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவை. ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போகிற வழக்கம் இருந்தால் அதை மட்டும் நிறுத்தாதே.

டைப் செய்த கடிதம் இருக்கட்டும், கிழிக்க வேண்டாம். தேதி போடும் இடத்தைக் காலியாக விட்டு, காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்.