‘பயப்படுகிறவர்கள்’ யார்? வெளிப்படுத்தின விசேஷம் 21:8 பற்றி ஒரு கேள்வி

கேள்வி: அக்கினியும் கந்தகமும் எரிகிற கடலுக்குப் போகிறவர்களின் வரிசையை வெளிப்படுத்தின விசேஷம் 21:8 சொல்கிறது. அதில் முதலாவதாகவே ‘பயப்படுகிறவர்கள்’ என்று இருக்கிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். இப்போது மருத்துவர் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். நானும் அந்த வரிசையில் இருக்கிறேனா? மாத்திரை எடுப்பது அவிசுவாசமா? (ஒரு வாசகி)

பதில்: சகோதரி, அந்த வசனம் உங்களைப் பற்றியது அல்ல. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் ‘பயம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கிரேக்கச் சொற்கள் வந்து சேர்ந்துவிட்டன. உங்களை இவ்வளவு நாள் வாட்டியது அதுதான்.

பயப்படுவதற்குப் புதிய ஏற்பாட்டில் வழக்கமாக வரும் வினைச்சொல் ‘ஃபொபெயொமாய்’. 90 முறைக்கு மேல் வருகிறது. பெத்லகேம் மேய்ப்பர்கள் பயந்ததும், கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் பயந்ததும், ‘தேவனுக்குப் பயந்திருங்கள்’ என்று பேதுரு எழுதியதும் இதே சொல்தான். இதன் பெயர்ச்சொல் ‘ஃபொபொஸ்’. பவுல் தன்னைப் பற்றியே இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். கொரிந்துவுக்கு வந்தபோது ‘பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்’ இருந்தேன் என்கிறார் (1 கொரிந்தியர் 2:3). மக்கெதோனியாவில் ‘உள்ளே பயங்களும்’ இருந்தன என்கிறார் (2 கொரிந்தியர் 7:5). பயம் வருவதே அழிவுக்குக் காரணம் என்றால் அப்போஸ்தலனும் தப்ப முடியாது.

21:8-இல் இருப்பது வேறு சொல்: ‘தெய்லோஸ்’. கோழை என்று பொருள். சில தமிழ்ப் பதிப்புகள் ‘கோழைகள்’ என்றே போடுகின்றன, அதுதான் சரி. இது போர்க்களத்தோடு ஒட்டிய சொல். ஏதென்ஸில், போரில் தன் இடத்தை விட்டு ஓடியவன்மேல் ‘தெய்லியா’ (கோழைத்தனம்) என்ற குற்றம் சாட்டி வழக்கே போடலாம். அரிஸ்டாட்டில் தைரியத்தை விளக்கும்போது, தைரியசாலிக்கும் பயம் வரும், ஆனாலும் அவன் நிற்பான் என்கிறார். நிற்காமல் போவதைத்தான் தெய்லியா என்கிறார். உபாகமம் 20:8-இல் யுத்தத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்பப்படும் ‘பயங்காளியும் திடனற்றவனும்’ கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இந்தச் சொல்லோடுதான் வருகிறான். அங்கே இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சந்தர்ப்பத்தையும் பார்க்கவேண்டும்.

இங்கே சந்தர்ப்பம் தெளிவாக இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் சின்ன ஆசியாவில் நெருக்கத்தில் இருந்த சபைகளுக்கு எழுதப்பட்டது. சிறையும் சாவும் எதிரே நின்ற சிமிர்னா சபைக்கு ஆண்டவர், ‘எவ்வளவும் பயப்படாதே’, ‘மரணபரியந்தம் உண்மையாயிரு’ என்கிறார் (2:10). அங்கே இருப்பது ஃபொபெயொமாய். குற்றச்சாட்டாக வரவில்லை, தேற்றுதலாக வருகிறது. 21:7-இல் ‘ஜெயங்கொள்ளுகிறவன்’ வருகிறான். அவனுக்கு எதிராக அடுத்த வசனத்தில் வருகிற கோழை, உயிருக்குப் பயந்து கிறிஸ்துவையே கைவிட்டு விலகிப்போனவன். இரவில் தூக்கம் வராமல் நடுங்கிக்கொண்டே ஜெபிக்கிற உங்களை அவனோடு சேர்க்க எனக்கு மனம் வராது, வசனமும் சேர்க்கவில்லை.

இன்னொன்று. தெய்லோஸ் புதிய ஏற்பாட்டில் மூன்றே வசனங்களில் வருகிறது. மற்ற இரண்டும் (மத்தேயு 8:26, மாற்கு 4:40) புயலில் சிக்கிய படகில் இயேசு தம் சீஷர்களைப் பார்த்துச் சொன்னவை. ‘ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?’ என்று தமிழில் படிக்கிறோம். ‘ஏன் இப்படிக் கோழைகளாக இருக்கிறீர்கள்?’ என்பதே கேள்வி. அப்படிக் கேட்டவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. அதே ஆட்களைத்தான் பிறகு ஊழியத்துக்கு அனுப்பினார். அதிலும் பேதுரு ஒருமுறை உண்மையாகவே மறுதலித்துவிட்டு ஓடியவர், திரும்ப வந்தார். எனவே ஒருகாலத்தில் கோழையாக இருந்தவனுக்கும் கதவு மூடவில்லை. மாற்கு 4:41-இல், கடல் அமைதியான பிறகு சீஷர்கள் ‘மிகவும் பயந்து’ என்று இருக்கிறதே, அது ஃபொபெயொமாய். அந்தப் பயத்தை அவர் கண்டிக்கவே இல்லை.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், ஸ்ட்ராங் எண் (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கும் எண்) காட்டும் வேதாகமச் செயலி ஏதாவது போதும். 5399 என்றால் ஃபொபெயொமாய், 1169 என்றால் தெய்லோஸ். 1167 என்ற எண்ணையும் தேடுங்கள்: ‘பயமுள்ள ஆவியைக் கொடாமல்’ என்ற 2 தீமோத்தேயு 1:7-க்கு வரும். நோயாளிகளிடம் பலர் தூக்கிக் காட்டும் வசனம் அது. அங்கேயும் சொல் ‘தெய்லியா’. அடுத்த வசனத்திலேயே பவுல், சாட்சியைக்குறித்தும் சிறையில் இருக்கும் என்னைக்குறித்தும் வெட்கப்படாதே என்கிறார். பதற்ற நோயைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பதற்றத்துக்கான சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் உடம்பு படுத்தும். குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும் அளவில்தான் குறைக்கவேண்டும். யாராவது 21:8-ஐக் காட்டி மாத்திரையை விடச் சொன்னால், 1 கொரிந்தியர் 2:3-ஐத் திறந்து அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.