மலைத்தோட்டத்துக் குழிவிரியனும் விஷமுறிவு மருந்தும்

வால்பாறை எஸ்டேட்டுக்குக் குடிபோகிறீர்கள், பாம்புகள் வாழும் இடங்களைக் காட்டும் வரைபடத்தில் அங்கே உள்ள விஷப்பாம்புகள் எல்லாவற்றுக்கும் மருந்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு (கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழி உள்ள விரியன் வகை) அது பொருந்தாது.

அவற்றில் நான் அஞ்சுவது, மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த சிறிய குழிவிரியனைத்தான். ஓர் அடி நீளம்தான் இருக்கும். காய்ந்த சருகின் நிறத்தில் சருகுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். கடித்தால் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகமும் பழுதாகலாம். கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடி என்று எண்ணி இந்த மருந்தை ஏற்றினால் பலன் இராது, ஒவ்வாமை ஆபத்து மட்டும் மிஞ்சும். சிறுநீரகம் பழுதானவர்களில் பலரை டயாலிசிஸ்தான் காப்பாற்றுகிறது.

ஆகவே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அந்த நான்கு பாம்புகளுக்கான மருந்து இருப்பு, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை (எடுத்த ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பது), டயாலிசிஸ் மூன்றையும் இப்போதே விசாரியுங்கள். பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, நேரமாகும். கடிபட்டால் இறுக்கிக் கட்டுப்போடாமல், கடிவாயைக் கீறாமல், 108-ஐ உடனே அழையுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். தள்ளி நின்று படம் எடுக்க முடிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.