ஆறு செவிலியர்கள், நிரம்பிய வார்டு: வார்டா, ஊசியா?

கேள்வி: தொண்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் சிறிய தீவு ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். தட்டம்மைக் குழந்தைகள் வந்தபடியே இருக்கிறார்கள். மொத்தம் ஆறு செவிலியர்கள். ஆய்வக முடிவு வரப் பத்து நாள் ஆகுமாம். வார்டைப் பார்ப்பதா, தடுப்பூசிக்குக் கிளம்புவதா?

பதில்: முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். சில மாதிரிகளை அனுப்பிவிட்டு, காய்ச்சலும் செந்தடிப்பும் கூடவே இருமலோ கண்சிவப்போ உள்ள குழந்தையைத் தட்டம்மை என்றே வைத்து வேலையைத் தொடங்குங்கள். கிருமி காற்றில் இரண்டு மணி நேரம்வரை தங்கும். ஆகவே பொதுக் காத்திருப்பு அறைக்குள் விடாமல், வாசலிலேயே பிரித்து அமர்த்துங்கள்.

நான்கு பேர் வார்டில் இருக்கட்டும், இருவர் ஊசிக்குப் போகட்டும். பெயர் எழுதவும் வரிசையைப் பார்க்கவும் ஊர் ஆசிரியர்கள் போதும். வார்டில் எல்லோருக்கும் வைட்டமின் ஏ: ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், 6 முதல் 11 மாதம்வரை 1 லட்சம், அதற்கும் கீழே 50 ஆயிரம், அடுத்தடுத்த இரண்டு நாட்கள். விலை மலிவு, பலன் பெரிது. மூச்சு வாங்கும் குழந்தைகளை அடிக்கடி பாருங்கள். பெரும்பாலும் உயிரைப் பறிப்பது நிமோனியாதான்.

இனி ஊசி. இதில்தான் பசிபிக் தீவு நாடான சமோவாவை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். 2018 ஜூலையில் அங்கே தடுப்பூசிப் பொடியைக் கரைக்க அதற்குரிய நீருக்குப் பதிலாகக் காலாவதியான தசைத் தளர்த்தி மருந்தைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றுபோனது. பெற்றோரின் நம்பிக்கையும் போனது. மறுஆண்டு நோய் நுழைந்தபோது சுமார் 2 லட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் மாண்டனர், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அதே பருவத்தில் நோய் எட்டிப்பார்த்த அண்டைத் தீவு நாடான டோங்காவில், ஏற்கெனவே பெரும்பாலோர் ஊசி போட்டிருந்ததால், ஒரு மரணமும் இல்லை.

அதனால் களைத்த கையை நம்பாதீர்கள். பொடியும் கரைப்பு நீரும் ஒரே தயாரிப்பாளருடையவையா, எண்ணிக்கை ஒத்துவருகிறதா என இருவர் சேர்ந்து சரிபாருங்கள். ஊசிப் பெட்டியில் வேறு எந்த மருந்தும் இருக்கக் கூடாது. கரைத்த குப்பியை ஆறு மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்; மனம் கேட்காது, ஆனாலும் கொட்டத்தான் வேண்டும். 6 மாதக் குழந்தைக்கும் இப்போது போடலாம். அது வழக்கமான கணக்கில் சேராது என்று அட்டையில் எழுதித் தாயிடமும் சொல்லுங்கள்.

வீடுகளைத் தவறவிடாமல் இருக்க வழி கேட்பீர்கள். 2019 டிசம்பர் 5, 6 தேதிகளில் சமோவா அரசு அலுவலகங்களை மூடி ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. ஊசி போடாதவர் உள்ள வீட்டு முன் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். நம் ஊரில் அம்மை கண்ட வாசலில் வேப்பிலை செருகினால் ‘வராதே’ என்று பொருள்; அங்கே சிவப்புத் துணிக்கு ‘வா’ என்று பொருள். துணி கிடைக்காவிட்டால் கதவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஊசி போட்டதும் அழித்துவிடலாம்.