சிறு நிறுவனம் இந்தியக் கடற்படைக்குப் புதிய தொழில்நுட்பம் செய்து கொடுக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் இருபது பேர் வேலை செய்யும் இன்ஜினியரிங் கம்பெனி நடத்துகிறார். தண்ணீருக்கடியில் இயங்கும் கருவி ஒன்றை வடிவமைத்துக் கடற்படையிடம் கொண்டுபோக நினைக்கிறார். மானியம் கிடைக்குமா, எங்கே தொடங்குவது என்பது கேள்வி.

முடியும். மானியமும் உண்டு. ஆனால் மானியம் வாங்குவதுதான் கஷ்டம், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். மேசைமேல் ஓடுகிற மாதிரியைக் கடலில் ஓட வைப்பதுதான் இதில் பெரிய வேலை. நேரமும் பணமும் அங்கேதான் கரையும். நான் கோவையில் நீர்புகா ஹவுசிங் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். கேமரா, சென்சார், பேட்டரி எல்லாம் உள்ளே உட்காரும் உலோகக் கூடுகள். கடற்படைச் சவால்களுக்கு மாதிரி செய்யும் ஸ்டார்ட்அப்களுக்கு ஜாப் ஆர்டர் செய்து கொடுக்கிறோம். அதில் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

வழி எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டம் 2018 ஏப்ரலில் நம் சென்னைக்குப் பக்கத்துத் திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில்தான் தொடங்கப்பட்டது. முப்படைகளும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சவால்களாக வெளியிடும். ஸ்டார்ட்அப், சிறு குறு நிறுவனம், தனிநபர் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். சாதாரணச் சவாலுக்கு 1.5 கோடி ரூபாய் வரை, ஐடெக்ஸ் பிரைம் என்றால் 10 கோடி வரை, 2024இல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை மானியம். கடற்படை இதற்கென்று 2020 ஆகஸ்டில் தனி அமைப்பே தொடங்கியது. 2022 ஜூலையில் ‘ஸ்பிரிண்ட்’ என்ற பெயரில் 75 புதிய தொழில்நுட்பங்களை உள்நாட்டிலேயே உருவாக்க இலக்கு வைத்தார்கள்.

வெறும் அறிவிப்போடு நின்றுவிடவும் இல்லை. சாகர் டிஃபென்ஸ் இன்ஜினியரிங் என்ற ஸ்டார்ட்அப்பின் ஆளில்லாப் படகு 2024 அக்டோபர் இறுதியில் மும்பையிலிருந்து கிளம்பி, சுமார் 1,500 கி.மீ. தானாகவே ஓடித் தூத்துக்குடி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பட்டறையில் வேறு பேச்சே இல்லை. மேற்குக் கடற்கரை முழுக்க மீன்பிடிப் படகு, வலை, கப்பல் போக்குவரத்து. அத்தனைக்கும் நடுவில் வந்திருக்கிறது!

நீங்கள் விண்ணப்பிக்கும்போது முழுக் கருவியையும் நாமே செய்துவிடலாம் என்று போகாதீர்கள். சிறு நிறுவனம் ஜெயிப்பது பெரும்பாலும் பெரிய அமைப்பின் ஒரு துண்டில்தான். இதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் உண்டு. அங்கே 1982இலிருந்து சிறு நிறுவன ஆராய்ச்சிக்கென்று சட்டப்படி நிதி ஒதுக்குகிறார்கள். 1990களில் ரஷ்ய நீர்மூழ்கிகளின் சத்தம் குறைந்துகொண்டே வர, அமெரிக்கச் சோனாரால் (தண்ணீருக்கடியில் ஒலியை வைத்துக் கண்டறியும் கருவி) அவற்றைப் பிடிப்பது சிரமமானது. பழைய, கடற்படைக்கென்றே தனியாகச் செய்த கணினிகளைத் தூக்கிவிட்டு, கடையில் கிடைக்கும் பிராசஸர்களில் சோனார் மென்பொருளை ஓட வைக்கும் வழியில் முக்கியப் பங்கு அந்த நிதியைப் பெற்ற டிஜிட்டல் சிஸ்டம் ரிசோர்சஸ் என்ற சிறு நிறுவனத்துடையது. அவர்கள் நீர்மூழ்கி கட்டவில்லை. சோனாரையே முழுசாகச் செய்யவும் இல்லை. சிக்னலைப் பிரித்தறியும் அந்த ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். பிறகு 2003இல் ஜெனரல் டைனமிக்ஸ் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

சரி, கடலுக்கு வருவோம்.

ஆழம் 10 மீட்டர் கூடினால் அழுத்தம் ஒரு பார், அதாவது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம், கூடும். 100 மீட்டரில், 15 செ.மீ. விட்டமுள்ள ஒரு மூடியின் மேல் ஏறத்தாழ 1.8 டன் சுமை உட்காரும். இது பயமுறுத்தும் எண்தான், ஆனால் கணக்குப் போட்டுத் தடிமன் வைத்தால் தீர்ந்துவிடும். எங்களிடம் வரும் ஹவுசிங்குகள் கெட்டுப்போவது அழுத்தத்தால் அல்ல, உப்பால்.

நண்பர் ஒருவரின் கம்பெனி செய்த 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹவுசிங் ஒன்று, கடலில் சில மாதம் கிடந்த பிறகு எங்கள் மேசைக்கு வந்தது. வெளியே துடைத்துப் பார்த்தால் பளபளப்பு. மூடியைக் கழற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்தோம். அது உட்காரும் பள்ளத்தின் வெளி ஓரத்தில் வரிசையாக ஊசி குத்தினாற்போல் குழிகள். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன்மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். படலம் கீறினாலும் ஆக்சிஜன் இருந்தால் திரும்ப உருவாகிவிடும். ஓ-ரிங்குக்கும் உலோகத்துக்கும் நடுவே தேங்கும் துளித் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், குளோரைடு சேரும், அமிலத்தன்மை ஏறும். அங்கேயே அரிக்கத் தொடங்கிவிடும். இரண்டு குழி ஒன்றோடொன்று சேர்ந்தால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது. பல மாதம் கடலில் கிடக்க வேண்டிய கருவிக்கு நாங்கள் இப்போது டைட்டானியம்தான் சொல்கிறோம். டூல் சீக்கிரம் தேயும், லேத்தில் ஓட்டுபவர் முகம் சுளிப்பார், விலையும் அதிகம். இருந்தாலும் அதுதான் நிற்கும். சில மணி நேரம் இறக்கி ஏற்றும் கருவிக்கு ஹார்ட் அனோடைஸ் செய்த (மேலே கெட்டியான ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியம் போதும். அதில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேரடியாக முறுக்காதீர்கள். இரண்டு உலோகமும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். நடுவே இன்சுலேஷன் ஸ்லீவ் வையுங்கள், அலுமினியத்துக்குப் பதில் தான் கரையும் துத்தநாக அனோடு ஒன்றையும் மாட்டுங்கள்.

இன்னொன்று. சென்னைப் புழுக்கத்தில் மூடிய ஹவுசிங்கைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து போர்டின்மேல் வியர்க்கும். லீக் என்று நினைத்து ஓ-ரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே நைட்ரஜன் ஏற்றி, சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டாலே பிரச்சினை முடிந்துவிடும். அப்புறம் கொட்டலசும் பாசியும். லென்ஸ் மேலோ சென்சார் முகத்திலோ ஒட்டினால் கருவி நன்றாக இருந்தும் பயனில்லை. அதைத் துடைக்கவோ தடுக்கவோ வழி முதல் டிராயிங்கிலேயே இருக்க வேண்டும்.

இவையெல்லாம் தாண்டினால் தகுதிச் சோதனைகள். ராணுவக் கருவிகளுக்கான சோதனைத் தரநிலையான ஜே.எஸ்.எஸ். 55555 படி உப்பு மூட்டம், அதிர்வு, வெப்பம், ஈரம். கப்பலில் பெரிய ரேடார்கள் இயங்குவதால் மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனையும் கண்டிப்பாக இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் லேப் செலவைக் கேட்டுப் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பது இதில் பெரிய வசதி. மின்காந்தச் சோதனைக்குத் தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழுத்தக் கலனும் ஒலியியல் சோதனைக் குளமும் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தில் இருக்கின்றன. விண்ணப்பத்துக்கு வழிகாட்டக் கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புத் துறை இன்குபேட்டர் (புது நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் மையம்) இருக்கிறது. அங்கே போய்ப் பேசுங்கள், ஆனால் முடிந்தால் கப்பலில் அந்தக் கருவியைக் கையில் பிடிக்கப்போகும் மாலுமியோடும் பேச வழி கேளுங்கள். கையுறையோடு ஸ்விட்ச் போட முடியுமா, ஆடும் தளத்தில் ஒருவரே தூக்க முடியுமா என்பதெல்லாம் சவால் அறிக்கையில் இருக்காது.

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மானியம் மொத்தமாகக் கைக்கு வராது. கட்டம் கட்டமாகத் தவணையில் வரும், உங்கள் பங்கையும் நீங்கள் போட வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் சம்பளம், மெட்டீரியல் எல்லாம் உங்கள் கையிலிருந்து. மாதிரி தேறிய பிறகும் கொள்முதல் ஆர்டர் வர நாளாகும். அந்த இடைவெளியில்தான் நல்ல சிறு நிறுவனங்கள் மூச்சுத் திணறுகின்றன, அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. அதனால் அதே தொழில்நுட்பத்துக்குக் கடற்படைக்கு வெளியிலும் ஒரு வாடிக்கையாளரை இப்போதே தேடுங்கள். ஐஐடி மெட்ராஸில் பிறந்த பிளானிஸும் கொச்சியின் ஐரோவும் நீருக்கடி ரோபோக்களை வைத்து அணை, பாலம், துறைமுகம் என்று ஆய்வு செய்து சம்பாதிக்கின்றன. உங்கள் கருவி தண்ணீருக்கடியில் எதைப் பார்க்கிறதோ, எதை அளக்கிறதோ, அது துறைமுகத்துக்கோ அணைக்கோ மீன் பண்ணைக்கோ தேவைப்படுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். அங்கே விற்கும் ஒவ்வொரு கருவியும் உங்களுக்கு இலவசக் கடல் சோதனையும்கூட.