செனட்டுக்கு நிற்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியில் என் பழைய கதையே இருந்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி, ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள், நீங்கள் வந்து எட்டு மாதம். விடுதிப் பிள்ளைகள் மாணவர் செனட்டுக்கு, அதாவது கல்லூரியின் மாணவர் மன்றத்துக்கு, நிற்கச் சொல்கிறார்கள். மதுரையிலிருந்து அப்பா, "உலகம் பூரா சண்டை நடக்குது, படிக்கப் போன இடத்துல கொடி பிடிக்காத" என்கிறார். விசாவுக்கு ஆபத்து வருமா, வெளிநாட்டுக்காரனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் மாணவர் மன்றப் பதவி வகிக்கத் தடை இல்லை. பதவிக்கு ஏதாவது பணம் தருவார்கள் என்றால் மட்டும் கவனம்: அது வளாக வேலைக் கணக்கில் சேரலாம், வகுப்பு நடக்கும் நாட்களில் அதற்கு வாரம் 20 மணி நேர வரம்பு உண்டு. பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ப்பாட்டத்தில் கைதாவது முற்றிலும் வேறு கதை. 2025 வசந்தத்தில் மாணவர் விசாக்கள் ரத்தானதைப் பார்த்த எந்த அப்பாவும் பயப்படத்தான் செய்வார். அவரோடு சண்டை போடாதீர்கள்.

நான் 2001 ஆகஸ்டில் வந்தவன். இதே மாநிலம், இதே அளவுக் கல்லூரி. பெட்டியில் இருந்த ஊறுகாய் பாட்டில் பாதிகூடக் காலியாகவில்லை, செப்டம்பர் 11 வந்துவிட்டது. விடுதிக் கூடத்துத் தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். மறுநாள் முதல் என் நிறத்துக்கு ஒரு எடை வந்ததுபோல் இருந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. கடைக்குப் போனால் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது, அவ்வளவுதான். அடுத்த வசந்தத்தில் செனட்டுக்கு நிற்கச் சொன்னார்கள். அப்பாவுக்குத் தொலைபேசி அட்டை போட்டுப் பேசினேன். "படிச்சமா வந்தமான்னு இரு." நானும் நிற்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அது உறுத்தியது. என் அறைத் தோழன் வங்கதேசத்துக்காரன். 2003 தொடக்கத்தில், குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வந்த ஆண்கள் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போய்க் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்ற பட்டியலில் அவன் நாடும் சேர்ந்தது. இந்தியா அதில் இல்லை. ஒரே அறை, ஒரே அரிசிக் குக்கர். அவன் போக வேண்டும், நான் போக வேண்டாம். அந்த அலுவலகம் இருந்த கிளீவ்லாந்துக்கு எங்கள் ஊரிலிருந்து பேருந்து கிடையாது. அவனையும் இன்னும் நாலைந்து பேரையும் கல்லூரி வேனில் கூட்டிப்போக மாணவர் செனட் பெட்ரோல் காசு கொடுக்குமா என்று ஒரு தீர்மானம் வந்தது.

அந்தக் கூட்டத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். ஈராக் போர் பற்றி அனல் பறக்கப் பேசுவார்கள் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் பெட்ரோலைப் பற்றிப் பேசினார்கள்! தீர்மானம் கொண்டுவர ஒருவர், வழிமொழிய ஒருவர், திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். நம் ஊர்ச் சேர்மன் தேர்தல் மாதிரி கட்-அவுட், கட்சிக்காரர் கார், அடிதடி எதுவும் இல்லை. ஒரு பையன், "இதற்குக் கொடுத்தால் நாளைக்கு யார் எங்கே போனாலும் கேட்பார்கள்" என்றான். அவன் கெட்டவன் இல்லை, பொருளாளர். அவன் வேலை அது. நான் கை தூக்கி, அனுமதி கிடைக்குமுன் பேச ஆரம்பித்து, தலைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு முறைப்படி பேசினேன். சொன்னது இவ்வளவுதான்: அவன் உல்லாசப் பயணம் போகவில்லை, போகாவிட்டால் படிப்பே போய்விடும். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்த இலையுதிர் காலத்தில் ஒரு காலியிடத்துக்கு நின்றேன். மொத்தமே நூற்றுக்கும் குறைவான ஓட்டு வாங்கி ஜெயித்தேன். அதில் பாதி, சாப்பாட்டுக் கூடத்தில் நான் தட்டுக் கழுவும்போது என்னிடம் தட்டை நீட்டியவர்கள் போட்டது.

வெளியாளுக்கு யார் ஓட்டுப் போடுவார் என்ற கேள்விக்கு என்னைவிட நல்ல பதில் ஒன்று இருக்கிறது. வரலாற்று வகுப்புக்குக் கட்டுரை எழுதப் போய்த்தான் எனக்கே தெரிந்தது. கிளீவ்லாந்துக்குத் தென்மேற்கே ஓபர்லின் என்ற கல்லூரி. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் முன்பே தெரியும்: 1908இல் அங்கே சீனாவின் ஷான்ஸி மாகாணத்துக்காகத் தொடங்கிய சங்கம், சீனக் கதவு மூடிய பிறகு பட்டதாரிகளை மதுரைக்கு, லேடி டோக்குக்கும் அமெரிக்கன் கல்லூரிக்கும், அனுப்பியது. என் அக்கா லேடி டோக்கில் படித்தவள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு அமெரிக்கா மோதிக்கொண்டிருந்த நேரம். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கரையோரம் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். கல்லூரிப் பிள்ளைகளை வெளியே எடுக்க, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் முன்னின்று ஒரு குழு அமைத்தார்கள். அதன் வழியாகச் சுமார் 4,000 பேர் முகாமிலிருந்து படிப்புக்குத் திரும்பினார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் பலவற்றில் ராணுவ ஆராய்ச்சி நடந்ததால் ஆரம்பத்தில் கதவு திறக்கவில்லை. திறந்தவற்றில் கடற்கரையிலிருந்து தள்ளி உள்ளே இருந்த சின்னக் கல்லூரிகள் நிறைய. அங்கும் எல்லாம் சுமுகமில்லை. மிசௌரியில் பார்க் கல்லூரி ஏழு பேரைச் சேர்த்தபோது அந்த ஊர் மேயரே எதிர்த்து நின்றார். போகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பிய புத்தி என்ன தெரியுமா? கூட்டமாகச் சேராதே, கண்ணில் படாதே, நல்ல பெயர் எடு. உங்கள் அப்பா சொல்வது, என் அப்பா சொன்னது, எல்லாம் அதேதான்.

சியாட்டில்காரர் கென்ஜி ஒகூடா முகாமிலிருந்து 1943 தொடக்கத்தில் ஓபர்லினுக்கு வந்தார். அந்த வசந்தத்திலேயே மாணவர் மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உங்கள் எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் ஆட்களில் பெரும்பாலோர் இன்னும் முள்வேலிக்குள். பசிபிக்கில் சண்டை உச்சத்தில். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் செய்தியானது.

அப்போது அந்த வளாகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1942 இறுதியில் கட்டாய ராணுவச் சேர்ப்பு வயது 18 ஆகிவிட்டது. பையன்கள் பாதிப் படிப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். 1943 ஜூலை 1 முதல் கடற்படை, வி-12 என்ற அதிகாரிப் பயிற்சித் திட்டத்தை 131 கல்லூரிகளில் தொடங்கியது. ஓபர்லினும் அதில் ஒன்று. சீருடைக்காரர்கள் காலையில் அணிவகுப்பு, பிறகு மற்றவர்களோடு ஒரே வகுப்பு. கோடை விடுமுறையே காணாமல் போனது. ஆண்கள் இல்லாமல் வாடியிருந்த பல சின்னக் கல்லூரிகள் அந்தக் கடற்படைக் காசில்தான் பிழைத்தன என்பது என் கணிப்பு. மாணவர் பத்திரிகை, மன்றம் என்று பல கல்லூரிகளில் பெண்கள் பொறுப்புக்கு வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். ஒகூடா பின்னாளில் கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரானார்.

இதைச் சொல்லி உங்களை உசுப்பேற்றவில்லை. அவர் குடிமகன், நீங்களும் அன்றைய நானும் விசாக்காரர்கள். அந்த வித்தியாசம் சின்னது இல்லை. அதனால் நின்றால், நிதிக் குழு, சாப்பாட்டுக் குழு, வேன் குழு என்று கேட்டு வாங்குங்கள். போரைப் பற்றிய தீர்மானம் வந்தால், கருத்துச் சொல்வதா வேண்டாமா என்பதை அன்றைக்கு நீங்களே முடிவு செய்யுங்கள். ஓட்டுப் போடாமல் விலகி நிற்பதும் ஒரு முடிவுதான். அப்பாவிடம் "எலெக்‌ஷன்" என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். "மெஸ் கமிட்டி மாதிரி" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது எடுபட்டது.

விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கப் போகும்போது தெரிந்த இந்திய முகங்களோடு நிறுத்தாதீர்கள். எதிர் அறைக்காரன் பெயர் இன்னும் தெரியாது என்றால் அங்கிருந்து தொடங்குங்கள். முதல் கூட்டத்துக்கு வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள். பீட்சா வரும், சைவப் பீட்சா முதல் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.