ஏழாம் நம்பர் அண்டா

கேள்வி: மாலை நேரங்களில் சித்தப்பாவின் பாத்திர வாடகைக் கடையில் உட்காருகிறேன். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்கிறேன். லிஸ்ட், ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு வருகிறது. கடைக் கணக்கையே புரோகிராமாக எழுதிப் பழகுகிறேன். கிளாஸ், ஆப்ஜெக்ட் வந்ததும் நின்றுவிட்டேன். கிளாஸ் என்றால் வீட்டு பிளான், ஆப்ஜெக்ட் என்றால் வீடு என்று மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் என் கணக்குக்கு அது எதற்கு? எங்கே பார்த்தாலும் வரும் அந்த 'செல்ஃப்' யார்? - ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

வீட்டு பிளானைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஆத்தங்குடிக்கு ஒரு நடை போய், தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பாருங்கள். கண்ணாடியைக் கீழே வைத்து, சுற்றிச் சட்டம் பூட்டி, உள்ளே பூ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சாயச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவையை அடைத்து மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறிக் காய்ந்தால் கல் தயார், கண்ணாடி பட்ட முகம் பளபளவென்று இருக்கும். ஒரே அச்சில் சிவப்புப் பூவும் வரும், பச்சைப் பூவும் வரும். அச்சு கிளாஸ், கல் ஆப்ஜெக்ட். கல்லின் மேல் நடக்கலாம், அச்சின் மேல் நடக்க முடியாது.

சரி, ஆனால் இந்த உவமை பாதி வழிதான் வரும். பதித்த கல் பதித்த இடத்திலேயே கிடக்கும். உங்கள் அண்டா அப்படியா? கல்யாண வீட்டுக்குப் போகிறது, நசுங்கி வருகிறது, சில நேரம் திரும்பாமலே போகிறது. கிளாஸ் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது.

இப்போது நீங்கள் நம்பருக்கு ஒரு லிஸ்ட், கொள்ளளவுக்கு ஒரு லிஸ்ட், யாரிடம் இருக்கிறது என்பதற்கு ஒரு லிஸ்ட் என்று வைத்திருப்பீர்கள். ஓட்டை விழுந்த ஓர் அண்டாவை முதல் லிஸ்டில் நீக்கிவிட்டு மூன்றாவதில் மறந்துபோனால், அதற்குக் கீழே உள்ள வரிசை முழுக்க ஓரிடம் நழுவிவிடும். பள்ளத்தூருக்குப் போன அண்டா கானாடுகாத்தானில் இருப்பதாகக் கணக்கு காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு தப்பாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

கிளாஸ் எழுதினால், அண்டாவைப் பற்றிய தகவலும் அண்டாவுக்கு நடக்கிற வேலைகளும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். கிளாஸ், டெஃப் போன்ற கட்டளைச் சொற்களையும், பைத்தானே வைத்திருக்கும் பெயர்களையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். 'அண்டா' என்று ஒரு கிளாஸ் எழுதி, அதற்குள் நம்பர், லிட்டர், யாரிடம் என்ற மூன்று விவரங்களையும், கொடு, திரும்பு என்ற இரண்டு வேலைகளையும் வைத்துவிட்டால், கீழே வருபவை அப்படியே ஓடும் பைத்தான் வரிகள்:

அண்டா7 = அண்டா(7, 40)
அண்டா8 = அண்டா(8, 40)
அண்டா7.கொடு("பள்ளத்தூர் கல்யாணம்")

முதல் இரண்டு வரிகளில் இரண்டு ஆப்ஜெக்ட் பிறக்கின்றன. அடைப்புக்குள் இருப்பவை நம்பரும் லிட்டரும், 'யாரிடம்' தொடக்கத்தில் காலியாக இருக்கும். இரண்டும் நாற்பது லிட்டர்தான், ஆனாலும் ஏழு வேறு, எட்டு வேறு. பழைய வெங்கலப் பானைகளில் விலாசம் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே? அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பானைகளில் எது யார் வீட்டுப் பானை என்பதை அந்த விலாசம்தான் சொல்லும். அப்புறம், இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம்: புது = அண்டா7 என்று எழுதினால் புது அண்டா வந்துவிடாது. ஒரே அண்டாவுக்கு இரண்டாவது பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இனி செல்ஃப். 'கொடு' என்ற வேலை கிளாஸுக்குள் ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கிறது. அண்டாவோ ஐம்பது இருக்கிறது. கூப்பிட்டது எந்த அண்டாவை என்று அந்த வேலைக்கு எப்படித் தெரியும்? அண்டா7.கொடு("பள்ளத்தூர் கல்யாணம்") என்ற வரியைப் பைத்தான் கிட்டத்தட்ட இப்படி எடுத்துக்கொள்கிறது:

அண்டா.கொடு(அண்டா7, "பள்ளத்தூர் கல்யாணம்")

புள்ளிக்கு முன்னால் நின்ற அண்டா7, அடைப்புக்குள் முதல் ஆளாகப் போய் உட்கார்கிறது. அந்த முதல் இடத்தின் பெயர்தான் செல்ஃப். அது வழக்கத்தில் வந்த பெயர், கட்டளைச் சொல் இல்லை. தமிழில் 'தான்' என்றே வைக்கலாம். அடைப்புக்குள் இரண்டாவதாக வரும் கல்யாண வீட்டுக்குப் 'பெயர்' என்று வைத்துக்கொண்டு, தான்.யாரிடம் = பெயர் என்று எழுதினால் ஏழாம் அண்டா தன் கணக்கில் தானே குறித்துக்கொள்கிறது. எனக்கு இந்த 'தான்' மிகவும் பிடிக்கும். தனியாகப் பழகும்போது அப்படியே எழுதிப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலையில் மட்டும் செல்ஃப் என்றே இருக்கட்டும்.

'கொடு' வேலையின் முதல் வரியிலேயே, அண்டா ஏற்கெனவே வெளியே போயிருக்கிறதா என்று பார்த்து, போயிருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரே அண்டாவை இரண்டு கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்ளும் வம்பு அங்கேயே தீரும். 'யாரிடம்' என்பதை வெளியிலிருந்து நேராக மாற்றினால் பைத்தான் தடுக்காது. கொடு, திரும்பு வழியாக மட்டுமே மாற்றுவது நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு.

இந்த யோசனை பிறந்ததும் இதுபோன்ற தேவையில்தான். 1960களில் நார்வேயின் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும், வரிசையில் நிற்பது, காத்திருப்பது, கிளம்பிப் போவது போன்ற நடப்புகளைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்க ஒரு மொழி செய்தார்கள். அதன் சிமுலா 67 வடிவத்தில் கிளாஸும் ஆப்ஜெக்ட்டும் வந்தன. அவர்களுக்குக் கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருது 2001க்காகக் கிடைத்தது.

ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸை உருவாக்கும் இன்ஹெரிட்டன்ஸ் பக்கம் இப்போது போக வேண்டாம். அதற்கு முன் சித்தப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: எந்தெந்தச் சாமானுக்கு நம்பர் போட்டிருக்கிறார், எவற்றை எண்ணி மட்டும் கொடுக்கிறார்? நம்பர் போட்ட அண்டாவுக்குத் தனித்தனி ஆப்ஜெக்ட் வேண்டும். எண்ணிக் கொடுக்கும் கரண்டிக்கு அது வேண்டாம், 'கரண்டி 60' என்று ஓர் எண் இருந்தால் போதும். இன்றைக்குப் பத்து அண்டாவோடு தொடங்குங்கள். ஏழாம் நம்பரை வேண்டுமென்றே இரண்டு முறை கொடுத்துப் பார்த்து, என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.