குடும்ப வீடியோவுக்குச் சின்ன ஹெச்.டி. கேம்கார்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளையும் வயதான அம்மா அப்பாவும் இருக்கிறார்கள், பைக்குள் அடங்கும் ஹெச்.டி. கேம்கார்டர் எதை வாங்கலாம், 4கே அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சத்தம் எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். படம் அதற்கு அப்புறம்தான்.

2010-இல் மகளின் முதல் பிறந்தநாளுக்காக ஒரு சின்னக் கேம்கார்டர் வாங்கினேன். 720பி, அதாவது ஹெச்.டி.யிலேயே குறைந்த தெளிவு; வெளி மைக் செருக இடம் கிடையாது. பினாங்கு ஆயர் ஈத்தாம் பிளாட்டில் பாட்டி அவளுக்குத் தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டே, கெடா லூனாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கதையைச் சொன்னார். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடியது, கங்காணி பேர் கூப்பிட்டது எல்லாம் அன்றைக்குச் சொன்னார். பன்னிரண்டு நிமிடம் எடுத்தேன். கட்டைவிரலால் சோற்றை உருட்டும் அந்தச் சுருக்கம் விழுந்த கை இன்றும் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தலைக்கு மேலே ஓடிய காற்றாடியின் இரைச்சலில் பாட்டியின் பேச்சில் பாதிக்கு மேல் கேட்கவில்லை. அவர் இப்போது இல்லை. அந்தக் கதையை அப்படிச் சொல்ல வேறு ஆளும் இல்லை.

அந்தக் காலத்தில் ஃபிளிப் போன்ற ஒற்றைப் பொத்தான் கேமராக்கள் நிறைய விற்றன. ஃபிளிப்பைத் தயாரித்த நிறுவனத்தை 2009-இல் வாங்கிய சிஸ்கோ, 2011 ஏப்ரலில் அந்தத் தொழிலையே மூடியது. கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் இன்று இந்த வகையில் தேர்வு குறைவு.

என் கையில் இப்போது இருப்பது டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3. எடை 179 கிராம். திரையைத் திருப்பினாலே உயிர் பெற்றுவிடும். பிள்ளை திடீரென்று எழுந்து ஆடும்போது அந்த இரண்டு விநாடிதான் பெரிய விஷயம். படத்தைப் பிடிக்கும் சென்சார் ஒரு அங்குல வகை என்பதால் சாமி அறை விளக்கு வெளிச்சத்திலும் முகம் தெரிகிறது. அதே நிறுவனத்தின் மைக் 2-ஐக் கம்பியில்லாமல் நேராக இணைக்கலாம். அம்மாவின் சேலையில் குத்திவிட்டு நீங்கள் தள்ளி நின்று எடுக்கலாம். குறை என்றால், ஆப்டிகல் ஜூம், அதாவது தெளிவு குறையாமல் லென்ஸாலேயே கிட்டே இழுக்கும் வசதி, இல்லை. தண்ணீரும் ஆகாது, பத்து ஃபிரிங்கி கடலோரத்தில் கவனம்.

பள்ளி மேடையைப் பின்வரிசையிலிருந்து எடுப்பதுதான் முக்கியம் என்றால் சோனி ஹேண்டிகேம் சிஎக்ஸ்405 போன்றது உதவும். 30 மடங்கு ஆப்டிகல் ஜூம். ஆனால் சென்சார் மிகச் சிறியது, மைக் துளையும் கிடையாது.

4கே, அதாவது ஃபுல் ஹெச்.டி.யைவிட நுணுக்கமான படம், பற்றி: அன்றாட வீடியோவுக்கு ஃபுல் ஹெச்.டி. தாராளமாகப் போதும். விநாடிக்கு 28 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 12.6 ஜிபி. 4கே 100 மெகாபிட்டில் ஓடினால் 45 ஜிபி. அதை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? பிரதி இல்லாத வீடியோ ஒருநாள் போயே போய்விடும்.

வாங்கியதும் அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் அல்லது PAL என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60-இல் விட்டால் குழல்விளக்கின் கீழே படம் துடிக்கும். அப்புறம் ஈரம். தைப்பூசத்தன்று ஏர்கான் காரிலிருந்து தண்ணீர்மலை அடிவாரத்தில் இறங்கியதும் லென்ஸ் பனி படிந்துவிட்டது, காவடி கடந்து போனது. இப்போது காரிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடிவிடுகிறேன், இறங்கிக் கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே எடுப்பேன். வீட்டில் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

கடைக்கு, அது பினாங்கு பிராங்கின் மால் ஆனாலும் கோலாலம்பூர் லோயாட் ஆனாலும், சொந்த மெமரி கார்டையும் இயர்போனையும் கொண்டு போங்கள். கூட வந்தவரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று சாதாரணக் குரலில் பேசச் சொல்லிப் பதிவு செய்து, அங்கேயே கேட்டுப் பாருங்கள். வார்த்தை புரியவில்லை என்றால் வேறு கேமரா பாருங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று ராத்திரியே காற்றாடியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.